திருவிருந்துப் பாண்

"சோனகர்ட கடையில இனி ஒரு சாமானும் வாங்கப்படாது! பிரசங்கத்தில அதைச் சொல்லுங்க, ஐயா!"

கல்முனையில் தமிழருக்கும் முஸ்லிம்களான சோனகருக்கும் கலவரம் நடந்த வாரம். ஞாயிறு காலை, தேவாலய வாசலில் போதகரை மறித்துக்கொண்டு தேவராசா இரைந்தார். போதகரோ அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஆராதனையைத் தொடங்கிவிட்டார்.

இந்த மனுசனுக்குச் சூடு சுரணையே இல்லையா என்று பொருமிக்கொண்டே தேவராசாவும் திருவிருந்துக்கு முழங்காலிட்டு, அப்பமாகத் தந்த பாண் துண்டை வாங்கி விழுங்கினார்.

ஆராதனை முடிந்ததும் தேவராசா, போதகரின் மனைவியான எலிசாவிடம் கேட்டார்:

"பாண் நல்ல மெது. நம்மட ஆக்கள்ட கடைதானே?"

"இல்ல அண்ணே. எப்பவும்போல சோனகர் மீராசா காக்காட பேக்கரிதான். வெள்ளிக்கிழமை நீங்க எறிஞ்ச கல்லில அவர்ட கடைக் கண்ணாடியெல்லாம் நொறுங்கி மாவில சிதறிப்போச்சு. அதால திரும்பத் திரும்ப மாவை அரிச்சுத்தான் சுட்டிருக்கார். ஒரு துண்டும் உங்கட தொண்டையில குத்திடப்படாதாம்."