ஏழு வருடம் கழித்து ஒரு முகம்

நாலாவது தடவையும் அதே மூக்குதான் வந்து நின்றது.

ஆம்ப்ரோஸுக்குக் கை நடுங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வரையலாம்தான். ஆனால் சர் ஜெர்வாஸ் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எத்தனை தடவைதான் துடைப்பது?

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் படம் வரைந்துகொள்ள வருகிறவர்களின் முகத்தை முதலாளி கிராடக்தான் போடுவார். கோட்டும் பித்தானும் ஆம்ப்ரோஸ் பாடு. ஏழு வருடமாக அவனும் பட்டுத்துணியையும் வெல்வெட்டையும் வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்தான். முதலாளிக்கு மணிக்கட்டு வலி வந்த புண்ணியத்தில் இப்போதுதான் ஒரு முகம் கிடைத்திருக்கிறது. இதில் சொதப்பினால் சாகிறவரை கோட்டுதான்.

கிராடக் பின்னால் வந்து நின்று பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“மன்னிக்கணும் ஐயா. புதுசா முகம் போடுற பயலுகளுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு. யாரை உட்கார வெச்சாலும் கண்ணாடில பார்த்த சொந்த மூஞ்சியத்தான் வரைவானுங்க.”

ஆம்ப்ரோஸுக்கு அழுகை முட்டியது. காலையிலிருந்து கவராயத்தை வைத்து அளந்து அளந்து பார்த்தாயிற்று. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி சரி. வளைந்த மூக்கு சரி. கன்னத்தோடு ஒட்டின காது மடலும் சரி. எல்லாம் அந்த மனுஷனுடையதுதான். இருந்தும் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது ஆம்ப்ரோஸ்தான், இருபத்தைந்து வயது கூடி.

சர் ஜெர்வாஸ் எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அதுவரை தன் குதிரை பந்தயத்தில் ஜெயித்த கதையை ஓயாமல் அளந்துகொண்டிருந்தவர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

வேறு தூரிகை எடுக்க முதலாளி உள்ளே போனதும் தணிந்த குரலில் கேட்டார்.

“உங்கம்மா பேரு டார்க்கஸா?”

 பட்டறையில் யாருக்கும் அம்மா பேர் தெரியாது. அப்பா யார் என்று கேட்டபோதெல்லாம் அவள் பதில் சொல்லாமல் சலவைத் துணியை ஓங்கி அடித்தது ஞாபகம் வந்தது.

“ஆமாங்க ஐயா.”

“இருக்காளா?”

கேட்டவரின் கண் வாசற்கதவுக்குப் போய்விட்டு வந்தது. பயப்படுகிறார் என்று ஆம்ப்ரோஸுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை பிசகினாலும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிடைத்த முகமும் கூடவே போய்விடும்.

“போன மார்ச்ல தவறிட்டாங்க ஐயா.”

சர் ஜெர்வாஸ் நீளமாக மூச்சுவிட்டார். கிராடக் திரும்பி வந்தபோது நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருந்தார்.

“பையன் மேல தப்பில்ல, கிராடக். யார் பார்த்தாலும் நான்னுதான் சொல்லுவாங்க. இவனே முடிக்கட்டும்.”

ஆம்ப்ரோஸின் கை நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. மூக்கின் நிழலை மளமளவென்று போட்டான். வெளிச்சம் குறைவதற்குள் கண்ணும் முடிந்துவிடும்.

ஆறு மணிக்கு ஆற்றைத் தாண்டி வீட்டுக்குப் போனால், கையிலிருக்கும் ஈரத்துணியைக்கூடக் கீழே வைக்காமல் அம்மா கேட்பாள், “முகம் தந்தாங்களாடா?” என்று.