மறு ஒளிபரப்பு

அவன் தெருவுக்குள் திரும்பியதும் பேச்சு நின்றது.

குழாயடியில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

டீக்கடை எத்திராஜ் அன்றைய செய்தித்தாளை மடித்துப் பால் சட்டிக்குப் பின்னால் செருகினான். ஆட்டம் முடிவதற்கு முன்பே அந்தத் தாள் அச்சாகி வண்டி ஏறியிருக்கும். அதில் முடிவு வந்திருக்க வழியில்லை.

ஆனாலும் ஒளித்தான்.

தெருவுக்குள் வந்தவனுக்குப் புரிந்துவிட்டது.

இஸ்தான்புல்லில் கால்பந்து இறுதி ஆட்டம். லிவர்பூலும் மிலனும். ஐரோப்பாவின் பெரிய கோப்பை. வியாசர்பாடியில் அந்தத் தெரு முழுக்க மன்றத்து டிவி முன்னால் விழித்திருந்து பார்த்தது. அவனைத் தவிர.

கூட வேலை செய்பவரின் மகளுக்குப் பிரசவ வலி. நீங்க போங்கண்ணே என்று சொல்லி, அவருடைய ஆம்புலன்ஸை ராத்திரி முழுக்க இவன் ஓட்டினான்.

அவனுடைய லிவர்பூல் அந்தக் கோப்பையைக் கடைசியாகத் தூக்கியபோது அவன் கைக்குழந்தை.

காலையில் மறு ஒளிபரப்பு. அதுவரை முடிவு அவன் காதில் விழக்கூடாது. தெரு அப்படித் தீர்மானித்திருந்தது.

விழுந்துவிட்டது.

வரும் வழியில், பஸ் படிக்கட்டில், சிவப்புச் சட்டை போட்ட இரண்டு பேர் ஆடிக்கொண்டே வந்தார்கள். பெனால்டியில் லிவர்பூல் ஜெயித்துவிட்டது என்று கண்டக்டரைக் கட்டிப்பிடித்தார்கள். கண்டக்டர் அந்தப் பிடியிலிருந்தே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

அதைச் சொல்லிவிடத்தான் அவன் வாயெடுத்தான்.

அதற்குள் இட்லிக் கடை ரோசம்மா குறுக்கே வந்தாள். பந்து உருண்டையா சதுரமா என்றுகூடக் கவலைப்படாதவள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. யாரும் எதுவும் சொல்லல. நீ சந்தோசமா சாப்டு."

இட்லியோடு கேட்காத வடை இரண்டு வந்தன.

அவன் வாயை மூடிக்கொண்டான். அன்போடு பொத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கையைத் தட்டிவிடக்கூடாது.

மன்றத்தில் அவனுக்கு முன்வரிசை. பக்கத்தில் பெர்க்மான்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். அந்தத் தெருவில் மிலனுக்கு இருந்த ஒரே ஆள்.

ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை. மிலன் கோல்.

பெர்க்மான்ஸ் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினான்.

இவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். முடிவு தெரியுமே.

இரண்டாவது கோல். மிலன்.

மூன்றாவது. அதுவும் மிலன்.

"இன்னா மச்சான், மூணு போதுமா? இல்ல ஒண்ணு பார்சல் கட்டட்டா?"

உள்ளே இருந்த சிரிப்பு போய்விட்டது.

மூன்று கோல் வாங்கியவர்கள் எப்படி ஜெயிப்பார்கள்? பஸ்ஸில் ஆடியவர்கள் குடித்திருந்தார்களோ. அது வேறு ஆட்டமோ.

திரும்பிப் பார்த்தான். எல்லாம் சாவு வீட்டு முகங்கள். எத்திராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பெர்க்மான்ஸ் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இவன் கைகளைக் கோத்துக்கொண்டு ஜெபித்தான்.

எப்போதோ முடிந்துபோன ஆட்டத்துக்கு ஜெபிக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மேலே கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் அது பெரிய குறையாகத் தோன்றியிருக்காது.

இடைவேளை முடிந்தது.

லிவர்பூல் தலைவன் எம்பித் தலையால் முட்டினான். கோல்.

அடுத்து தொலைவிலிருந்து ஓர் உதை. தாழ்வாகப் போய் மூலையில் நுழைந்தது.

பிறகு ஒரு பெனால்டி. மிலன் கோலி தடுத்துவிட்டான். திரும்பி வந்த பந்தை, அடித்தவனே ஓடிவந்து மறுபடி அடித்தான்.

மூன்றுக்கு மூன்று. ஆறே நிமிடத்தில்.

மன்றம் அதிர்ந்தது. ராத்திரி கத்தித் தொண்டை கட்டியவர்கள் அதே தொண்டையால் மறுபடி கத்தினார்கள். யாருக்கும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கூடுதல் நேரம். லிவர்பூல் கோல் வாயில் இரண்டு முறை பந்து தடுக்கப்பட்டது. அவன் நாற்காலியைவிட்டுத் தரைக்கு வந்திருந்தான்.

பெனால்டிகள்.

மிலனின் கடைசி உதை. லிவர்பூல் கோலி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தான். மேலே மிஞ்சி நின்ற கையில் பந்து பட்டது.

அவ்வளவுதான்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ரோசம்மா கரண்டியோடு பின்னால் ஓடினாள். கோப்பையையே தூக்கி வருகிற மாதிரி வீட்டு வாசல்கள் எல்லாம் கைதட்டின. அவன் அழுதுகொண்டே சிரித்தான். பஸ்ஸில் கேட்ட சேதி எங்கோ போய்விட்டது. இப்போதுதான், இந்தக் காலையில்தான், லிவர்பூல் ஜெயித்தது.

பெர்க்மான்ஸ் கூட்டத்தில் இல்லை.

அவன் தோளிலிருந்து இறங்கி மன்றத்துக்குத் திரும்பினான். பெர்க்மான்ஸ் காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. இப்போது அழுத கண்கள் இல்லை. ராத்திரியே அழுது முடித்தவை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் பார்சல் கட்டட்டா என்று கேட்டிருக்கிறான்.

"நீ இன்னாத்துக்குடா ரெண்டாவது தபா வந்து உக்காந்த?"

"நான் நக்கலடிக்கலன்னா உனக்கு டவுட் வந்துருக்கும்டா." பெர்க்மான்ஸ் இன்னொரு நாற்காலியை ஏற்றி வைத்தான். "மூணாவது கோலுக்கு உன் மூஞ்சி போன போக்கு இருக்கே. அதப் பாத்து நானே நம்பிட்டேன். கொஞ்ச நேரம் ஜெயிச்சினு இருந்தேன் மச்சான்."

பஸ் சேதியை அவன் அப்போதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அவனும் நாற்காலிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினான். டிவி முன்னால் இரண்டை மட்டும் விட்டுவைத்தான்.

"சாய்ங்காலம் திரும்பப் போடறானாம். நீயும் நானும் மட்டும் பாக்கலாம்," என்றான். "முதல் பாதி வரைக்கும்."