அறுக்காத கைப்பிடி

"அம்மாவோட உளியெல்லாம் எனக்கெதுக்கு சித்தப்பா? இருந்தவரைக்கும் ஒண்ணைத் தொட விட்டாங்களா? அந்தக் கோபத்துலதானே வீட்டை விட்டே போனேன்."

அம்மா செதுக்கிய மரக்கட்டைகளில் மை தடவி அச்சடித்தவர் சித்தப்பா. அவர் உளிப் பெட்டியைத் திறந்தார்.

"இது கோடு வெட்டுறது. இது பள்ளம் தோண்டுறது. அண்ணி உள்ளங்கைக்கு அடங்குற மாதிரி கைப்பிடியை அறுத்திருக்கு, பாரு."

அடியில் நீண்ட கைப்பிடிகளோடு புத்தம்புது உளிகள் இருந்தன.

"இதை ஏன் அறுக்கல?"

"அடுத்தவங்க அளவு உளி வழுக்கி விரலைக் கிழிச்சிடும்மா. அதான் தொட விடல. இது உனக்கு வாங்கினது. அண்ணி கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள நீ கிளம்பிட்ட."

சித்தப்பா ரம்பத்தை எடுத்தார். "கையை நீட்டு."

மகள் நீட்டினாள். அவள் உள்ளங்கையில் புது உளியை வைத்து, கைப்பிடியை அறுக்க வேண்டிய இடத்தை அவர் குறித்தார்.