ஆணி டயர்

நரின் ஊரில் டயர்க் கடை வைத்திருக்கும் தெமிர்குலுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. டோலோன் கணவாயில் பனி கொட்டுகிறதென்று ரேடியோ சொன்னதும் சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, கிளம்பிட்டீங்களா? உங்க வண்டியில முன்சக்கரம் ரெண்டுதானே இழுக்கும்? ஏத்தத்துல சும்மா சுத்துமே!"

"அண்ணன் வண்டியில வர்றோம். நாலு சக்கரமும் இழுக்கும்."

"இழுத்தா போதுமா? இறக்கத்துல நிக்கணுமே! பனியில பிடிக்கிற ஆணி டயரை முன்னாடி மட்டும் போட்டிருந்தா பின்பக்கம் வழுக்கித் திருப்பிடும்."

"நாலுலயும் ஆணி டயர்தான்."

"ஆணியெல்லாம் தேஞ்சிருக்கும். அடிவாரத்துலயே திரும்பிடுங்க. நாளைக்கு வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

சம்பந்தி சிரித்தார். "புது டயர்! போன மாசம் அண்ணன் உங்க கடையிலதான் வாங்கினாரு. 'இதைப் போட்டா எந்தப் பனியும் உங்களைத் தடுக்காது'ன்னு நீங்கதான் சொன்னீங்களாமே! கணவாயைத் தாண்டியாச்சு. கறியை அடுப்புல ஏத்துங்க."

தெமிர்குல் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, அதான் பத்திரமா தாண்டிட்டாங்களே! இன்னும் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி அனார்கான்.

உள்ளே மகள் பெர்மெத் சீர்ப்பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. அவளை அழைத்துப் போகத்தான் அவர்கள் வருகிறார்கள்.

"இன்னும் ஒரு ராத்திரி இங்க தூங்குவான்னு நெனச்சேன்" என்றார் தெமிர்குல். "எவனோ ஒரு பாவி நல்ல டயரா பார்த்து வித்துத் தொலைச்சிருக்கான்."