கீறலிலும் பங்கு

"இந்தக் கட்டில் மாதிரியே இன்னொண்ணு வேணும். அணுவளவும் பிசகக்கூடாது," என்றான் கணவன்.

"பிசகினா வாங்க மாட்டோம்ணே," என்றாள் மனைவி.

அட, இந்த ஒரு விஷயத்திலாவது ரெண்டு பேரும் ஒத்துப்போகிறார்களே என்று தச்சர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

விவாகரத்து ஆகிவிட்டது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஹாலில் எதைப் பார்த்தாலும் ஸ்டிக்கர். சிவப்பு அவளுக்கு, நீலம் அவனுக்கு. ஃப்ரிட்ஜ் சிவப்பு, வாஷிங் மெஷின் நீலம். ஒரே செட் டம்ளரில்கூடப் பாதி அங்கே, பாதி இங்கே.

நாலு வயசு மகளைத்தான் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று தீர்ப்பு. அவள் பாட்டுக்கு ஒரு கன்னத்தில் சிவப்பு, மறு கன்னத்தில் நீலம் என்று ஒட்டிக்கொண்டு சுற்றிவந்தாள்.

அவளுடைய கட்டில்தான் அது. பழசு அம்மா வீட்டுக்கு, புதுசு அப்பா வீட்டுக்கு.

அடுத்த வாரம் புதுக் கட்டிலைக் கொண்டுவந்து பழசின் பக்கத்தில் போட்டார். வழவழவென்று இழைத்திருந்தார்.

கணவன் தடவிப் பார்த்தான். "இது வேற மாதிரி இருக்கே?"

"பழசைவிட நல்லாவே இருக்கு சார்."

"நல்லா இருக்கணும்னு கேக்கலையே. பழசுல, தலைமாட்டுப் பலகையில ஒரு கீறல் இருக்கு பாருங்க. இதுல காணோம்."

"கீறலையுமா போடணும்?"

"ஆமா. அதே இடத்துல, அதே ஆழத்துல."

"அப்புறம், புரண்டு படுத்தா பழசு கிரீச்சுன்னு முனகும்," என்றாள் மனைவி. "இது முனகலையே."

வந்ததே கோபம் தச்சருக்கு!

"என் கையால செஞ்ச கட்டில் இன்னிக்கு வரைக்கும் முனகினது கிடையாதும்மா! டம்ளரைப் பங்கு போட்டீங்க, சரி. கீறல்லகூடவா பங்கு? அவருக்குப் புதுசு போயிடக்கூடாது, உங்களுக்குப் பழசு வந்துடக்கூடாது. அதானே? ஏட்டிக்குப் போட்டி போட உங்களுக்கு அந்தப் பச்சப்புள்ளையோட கட்டில்தானா கிடைச்சுது?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள், மகள் காதில் விழாமல்.

"தூக்கத்துல முழிச்சா அவ கண்ணைத் திறக்க மாட்டாண்ணே. கையை மட்டும் நீட்டி அந்தக் கீறலைத் தடவுவா. இருந்தா, புரண்டு படுத்துத் தூங்கிடுவா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவளுக்குத் தன்னோட கட்டில்."

"எந்த வீட்டுல கையை நீட்டினாலும் அது இருக்கணும்," என்றான் அவன். "வேற எதையும் எங்களால அவளுக்கு முழுசாக் கொடுக்க முடியல."

தச்சர் பழைய கட்டிலின் அருகே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீறலை விரலால் மெல்லத் தடவினார், முன்னும் பின்னுமாக. பிறகு புதுப் பலகையில் உளியை வைத்தார்.

கீறல் விழுந்தது. கணவன் பர்ஸை எடுத்தான்.

"உள்ள வைங்க தம்பி," என்று, திருகுகளைத் தளர்த்தத் திருப்புளியைத் தேடினார் தச்சர். "கட்டில் இன்னும் முனகலையே."