கழுவிய பால் கவர்கள்

சாலை போட்டு இன்றோடு முப்பத்தேழு நாள். பிளாஸ்டிக் கலந்த சாலை என்று முனையில் பலகை நிற்கிறது. கலவையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். தூய்மைப் பணியாளர் செங்கமலம் அக்கா ஓராண்டாக வீடு வீடாகப் பால் கவர் சேர்த்தார். கழுவித் தரச் சொன்னேன். காயவைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். ஈரத்தோடு அரைத்த துகள், தார் ஊற்றும் நாளில், சூடான ஜல்லியில் ஒட்டவில்லை.

இன்று அக்கா தன் மகளை அழைத்து வந்திருந்தார். சாலையில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கோயிலாம்மா இது? கால் சுடல?" என்று மகள் சிரித்தாள்.

"போடி. நாப்பது மூட்டை. ஒவ்வொரு கவரும் இந்தக் கையால கழுவுனது. மேடம், எங்க கவரு எந்தப் பக்கம் இருக்கு? இவளுக்குக் கொஞ்சம் காட்டுங்க."

நான் குனிந்து தாரில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. எடுக்கவில்லை.

"அக்கா, இதுல உங்க கவர் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் தார் கலக்குற பிளான்ட்டுக்குப் பின்னாடி போட்டு எரிச்சுட்டோம்."