பனிக்கடலில் விவேக் நகர்

“லேப்டாப் உள்ள யாருமே இல்லியே, யார்கிட்டம்மா பேசினு இருக்க?”

மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஜூடித் பாடம் பதிவு செய்வதைப் பார்த்து மகன் லாயிட் ஒருநாள் கேட்டான். அப்போது அவன் எல்கேஜி.

 

ஊரையும் தெருவையும் கணினியில் வரைபடமாக்கும் புவியியல் தகவல் முறைமை, பல்கலைக்கழகத்தில் ஜூடித் நடத்தும் பாடம். அவளுடைய வீடியோவை மாணவர்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டு, சனிக்கிழமை லேபுக்கு வந்து செய்து காட்ட வேண்டும். ஏற்பாடு என்னவோ நல்லதுதான். பார்த்தால்தானே!

அவள் மின்விசிறியை நிறுத்தி, குக்கரை இறக்கி, வியர்க்க வியர்க்கப் பேசுவாள். அவர்கள் வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவார்கள். பார்த்ததாகப் பச்சைக் குறி விழுந்துவிடும்.

இந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

பெங்களூரு விவேக் நகர்த் தெருக்களில் உள்ள பொதுக் குழாய்களின் இடத்தைப் போனில் குறித்து வந்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும். மென்பொருளில் எக்ஸ், ஒய் என்று இரண்டு பெட்டிகள். எக்ஸில் தீர்க்கரேகை, ஒய்யில் அட்சரேகை. மாற்றிப் போட்டால் பெங்களூரு வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் விழும்.

விழுந்திருந்தது. ஒருவருடையது இருவருடையது அல்ல, வகுப்பே விழுந்திருந்தது. விவேக் நகர்க் குழாய்கள் அத்தனையும் பனிக்கடலில் மிதந்தன.

ரகுராமுடைய குழாய்கள் மட்டும் தெருவோரத்தில் ஒழுங்காக நின்றன.

“இதோ, ஒருத்தன் பாத்திருக்கான். மத்தவங்கல்லாம் யாருக்குக் குழாய் போட்டீங்க, பனிக்கரடிக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. ரகுராம் ஏனோ தலை நிமிரவில்லை.

வைஷ்ணவி எழுந்தாள். ஊருக்கு வெளியே உள்ள சந்தாபுராவிலிருந்து பஸ் மாறி வருகிறவள். இதிலும் பூஜ்யம் வாங்கினால் அவளைத் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

“மேம், வீடியோல நீங்க…”

“வீடியோவா? அதப் பாத்தவங்க பேசட்டும். நீ உக்காரு.”

உட்கார்ந்தாள். துப்பட்டா நுனி கண்ணுக்குப் போனதை ஜூடித் கவனிக்கத்தான் செய்தாள். கவனிக்காத மாதிரி, ரகுராமைத் தவிர எல்லோருக்கும் பூஜ்யம் போட்டாள்.

கோபம் அதோடு அடங்கவில்லை. தான் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறோம் என்று காட்டும் துண்டை வெட்டியெடுத்து வகுப்புக் குழுவில் போட வேண்டும். லேப் காலியானதும் தன் வீடியோவைத் தானே ஓடவிட்டாள்.

வியாழக்கிழமை பதிவு செய்தது. நடுவில் குழந்தை இயேசு கோயில் மணி அடித்தது. திரையிலிருந்த ஜூடித் பேச்சை நிறுத்தி, கண்மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பிறகு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்தாள்.

எக்ஸில் அட்சரேகை, ஒய்யில் தீர்க்கரேகை என்று மாற்றிச் சொன்னாள். மறந்துவிடாதீர்கள் என்று அதையே இன்னொரு முறையும் நிதானமாகச் சொன்னாள்.

அவர்கள் மறக்கவில்லை.

பச்சைக் குறிகளைத் திறந்து பார்த்தாள். ரகுராம் பெயருக்கு எதிரே மட்டும் குறி இல்லை. பெட்டிகளைத் தொடாமல் விட்டால் மென்பொருளே சரியாக எடுத்துக்கொள்ளும். அவன் தொடவில்லை.



ஜூடித் எழுந்து லேப் கதவைச் சாத்தினாள். வைஷ்ணவியின் பெயரில் தொடங்கி, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அழித்து முழு மதிப்பெண் போட்டாள். பனிக்கடலில் கிடந்த குழாய்களை ஒவ்வொருவர் வரைபடத்திலும் தானே எடுத்து, விவேக் நகர்த் தெருக்களில் கொண்டுவந்து நிறுத்தினாள். ரகுராமின் மதிப்பெண்ணில் கைவைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் மடிக்கணினிக் கேமராவை இயக்கினாள். தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினாள்.

எதிரே காலி நாற்காலிகள்.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள்.